அவன் சட்டைக்கு ஓர் ஆணி

"அண்ணி, உட்காரலாமா? இல்ல, எங்கயாவது விலைச்சீட்டு தொங்குதா?"

வாசல் ஏறும்போதெல்லாம் நாத்தனார் கேட்கிற கேள்வி இது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டி அதட்டி, சாதாரணப் பேச்சே அவளுக்கு ஹாரன் அடிக்கிற மாதிரிதான் வரும்.

"உட்காரு. ஆனா அந்தக் குஷன்ல சாயாதே."

"பின்ன எதுக்கு குஷன்?"

"பார்க்கறதுக்கு."

"பார்க்கறதுக்கு குஷன், உட்காரத் தரையா? நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் போய்க் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள் அவள்.

அண்ணிக்குத் தெருவில் வைத்த பெயர் 'ஷோகேஸ்'. முதலில் யாரோ கேலியாகத்தான் வைத்தார்கள். பிறகு பால்காரரிலிருந்து மாடிவீட்டு அம்மா வரை எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. "ஷோகேஸ் அக்கா, உங்க வீட்டுத் திரைச்சீலை எங்க வாங்கினது?" என்று கேட்க வருகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பெரிய சாலையில் இருக்கிற ஃபர்னிச்சர் கடையில் அவளுக்கு வேலை. மேல் மாடியில் மாதிரி அறைகள் இருக்கும். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், குழந்தைகள் அறை ஒன்று. எல்லாவற்றுக்கும் மூன்று சுவர்கள்தான். நான்காவது பக்கம் திறந்து கிடக்கும், வாடிக்கையாளர்கள் நின்று பார்ப்பதற்காக. அந்த அறைகளை அலங்கரித்து வைப்பவள் அவள்தான். அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு முதுகு மட்டும் உண்டு, பக்கங்கள் கிடையாது. டி.வி. அட்டையில் செய்தது. தட்டில் இருக்கும் பழம் பிளாஸ்டிக். ஆனால் அவள் கை பட்டு ஒரு விளக்கை இப்படித் திருப்பி, ஒரு விரிப்பை அப்படி மடித்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடாமல் நகர மாட்டார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கடை மேனேஜர் அவளுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார். "கஸ்டமர் கண்ணு போகாத பக்கத்துல காசைப் போடாதீங்க" என்பது ஒன்று. "மனுஷ வாடை வரக்கூடாது" என்பது இன்னொன்று. தலையணையில் ஒரு முடி, குஷனில் ஒரு பள்ளம், மேஜையில் யாரோ மறந்துவிட்டுப் போன கண்ணாடி, எதுவும் இருக்கக்கூடாது. "வாங்க வர்றவங்க அந்த ரூம்ல தங்களைத்தான் பார்க்கணும். வேற எவனோ ஏற்கெனவே குடியிருந்தா எப்படி வாங்குவாங்க?" என்பார்.

நல்ல பாடம்தான், கடைக்கு. அதை அவள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்ததுதான் விதி!

*

அவளுடைய புருஷன் வெல்டர். கடல் தாண்டி ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் கட்டுகிறான். அவன் முதன்முதலில் போனபோது மகள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்றைக்கு அவள் அம்மாவின் காது உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். நடுவில் எப்போதோ ஒரு விடுமுறை, அப்புறம் எப்போதோ இன்னொன்று. வந்தான் என்று மனசு நம்புவதற்குள் பெட்டி மறுபடி வாசலுக்கு வந்துவிடும்.

கடைசியாக வந்திருந்தபோது நல்ல மழை. வீடு என்று சொல்வதற்கு ஒரே ஓர் அறை, அதன் ஓரத்தில் ஒரு சமையல் மேடை, பின்பக்கம் துணி காயப்போட ஓர் இடுக்கு. அவ்வளவுதான். மேடைக்கு மேலிருந்த சுவரில் ஈரம் இறங்கி, சுண்ணாம்பு பொக்குப் பொக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அவன் தன் முக்காலியில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில், பெட்டி கட்டிவரும் பலகைகளைச் சேர்த்து அவனே அடித்த முக்காலி அது. ஒரு கால் சற்றுக் குட்டை. அதில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுவான், டீ குடிப்பான், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான், தப்பாகச் சொல்லிக் கொடுப்பான்.

"இந்த வீட்டைப் பார்த்தா திரும்பவும் ஓடிடணும்னுதான் தோணுது" என்றான் அன்றைக்கு.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்! 'உங்களை இப்படி ஓர் இடத்தில் விட்டு வைத்திருக்கிறேனே, இன்னும் ஓடியாடிச் சம்பாதிக்க வேண்டாமா' என்ற குற்ற உணர்ச்சியில் அவன் சொன்னது அது. அவள் காதிலோ வேறு மாதிரி விழுந்தது. வீடு அசிங்கமாக இருக்கிறது, அதனால்தான் இவர் தங்க மாட்டேன் என்கிறார். அவன் போன டாக்ஸி தெருமுனை திரும்பும்போதே அவள் மனசுக்குள் சபதம் எடுத்துவிட்டாள். அடுத்த தடவை இந்த வீட்டைப் பார்த்தால் போகவே மனசு வரக்கூடாது. அந்த மாதிரி ஆக்கிவிடுகிறேன்.

காசு எங்கே இருக்கிறது? அவன் அனுப்புவது வாடகைக்கும் மகள் படிப்புக்கும் சரி. அவள் சம்பளம் மற்றதற்குச் சரி. ஆனால் கண்ணும் கையும் இருந்ததே!

பெயின்ட் கடையில், யாரோ கேட்ட நிறம் மாறிப்போய்த் திரும்பி வந்த டப்பா ஒன்று மூலையில் கிடந்தது. அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். வெண்ணெயில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டது போன்ற நிறம். ஒரு சுவருக்கு மட்டும் காணும். போதும். அவளுக்கு வேண்டியதே ஒரு சுவர்தான்.

ஏனென்றால் அந்த வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பது ஜன்னல் திண்டில் ஒரே ஓர் இடத்தில்தான். சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்தால் படம் வரும். அரை அடி நகர்த்தினால் அவன் முகம் சதுரம் சதுரமாக உடைந்துபோகும். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சுவர் மட்டும்தான் தெரியும். ஞாயிறுதோறும் மத்தியானம் அவன் பார்க்கிற வீடு அந்த ஒரு சுவர்தான். கஸ்டமர் கண்ணு போகாத பக்கத்தில் காசைப் போடுவானேன்?

ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அதிசயம் என்று அந்தச் சுவர் வளர்ந்தது. கடை ஜன்னலோரம் விரித்திருந்து ஒரு மடிப்பு மட்டும் வெயிலில் வெளுத்துப்போன படுக்கை விரிப்பைக் கழித்துக் கட்டினார்கள். வெளுத்த பக்கத்தை உள்ளே மடித்துத் தைத்தாள், கொசுவம் கொசுவமாக இறங்கும் திரைச்சீலை ஆயிற்று. பழக்கடைக்காரர் தூக்கிப் போட்ட மரப்பெட்டிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அலமாரி ஆக்கினாள். கிழிந்த பிரம்புக்கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்பைத் தொங்கவிட்டாள், சுவரெல்லாம் இலை இலையாக நிழல் விழுந்தது. சோபாத்துணிகளின் மாதிரித் துண்டுகள் ஒட்டிய பழைய புத்தகத்தை அக்கக்காகப் பிரித்து, துண்டுகளைச் சட்டத்துக்குள் மாட்டினாள், விலை உயர்ந்த ஓவியம் போல நின்றது. மூலை உடைந்த கண்ணாடி ஒன்று கிடைத்தது. உடைசல் தெரியாமல் ஒரு மணிபிளான்ட் தொட்டியை முன்னால் வைத்துவிட்டாள்.

"அட! ஹோட்டல் மாதிரி இருக்கே!" என்று அவன் முதல் ஞாயிற்றுக்கிழமை போனுக்குள்ளிருந்து கூவியபோது, அவளுக்குக் கல்யாண நாளில்கூட அப்படிச் சிவந்திருக்காது முகம்.

"இன்னும் இருக்குங்க. அடுத்த வாரம் பாருங்க."

"எனக்கு இங்க டெய்லி இரும்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே துரு பிடிச்சுப்போச்சு. நீ காட்டும்மா."

காட்டினாள். காட்டக் காட்ட ஆசை வளர்ந்தது. அழகைச் சேர்த்தவள் பிறகு அழகில்லாததைக் கழிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் அவனுடைய பழைய நீலநிற வேலைச் சட்டை தொங்கும். தீப்பொறி பட்டுப் பட்டு நெஞ்சுப் பக்கமெல்லாம் பொத்தல். அவன் போன பிறகும் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெண்ணெய் நிறச் சுவரில் அது பூசிய முகத்தில் ஒட்டிய கரி மாதிரி இருந்தது. சட்டையை எடுத்துப் பையில் போட்டாள். ஆணியைப் பிடுங்கினாள். ஓட்டையில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே நிறத்தைப் பூசினாள். எங்கே ஆணி இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை!

"பழைய துணி ஏதாவது இருந்தா குடுங்க அண்ணி, வேன் கண்ணாடி துடைக்கணும்" என்று நாத்தனார் கேட்டு வந்தபோது அந்தப் பையை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். நாத்தனார் பையைத் திறந்து பார்த்தாள். ஹாரன் அன்றைக்கு அடிக்கவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து முக்காலி. கால் குட்டை, நிறமும் இல்லை, எதனோடும் சேரவில்லை. பின்பக்க இடுக்குக்குப் போய், தண்ணீர் கேனுக்கு மணை ஆயிற்று. அதற்கடுத்து அதே சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ. தங்க நிறப் பிளாஸ்டிக் சட்டம். பார்த்தாலே மலிவு தெரிந்தது. அதை பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவே படுக்க வைத்தாள்.

மனுஷ வாடை வரக்கூடாதே!

*

அவனிடம் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. முதலில் சிரிப்பு குறைந்தது. பிறகு பேச்சு குறைந்தது. "எப்படி இருக்கு?" என்று இவள் திரைச்சீலையைத் தொட்டுக் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு" என்பான். அவன் கண்கள் மட்டும் திரைக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் கேட்டான். "என் முக்காலி எங்கம்மா?"

"அதா? அது எதுக்குங்க இப்ப? நீங்க வந்தா உட்கார ஜம்முனு ஒரு நாற்காலி வாங்கிடலாம்."

"ம்" என்றான். அதற்கடுத்த வாரம் நெட்வொர்க் சரியில்லை என்று வெறும் குரலில் மட்டும் பேசினான்.

அந்தச் சமயத்தில்தான் அவனுடைய ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. கம்பெனிக்காரர்கள் இன்னொரு முறை கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டால் மறுபடி இரண்டு வருஷம். போடாவிட்டால் ஊர். இங்கே நாத்தனார் சும்மா இருக்கவில்லை. வேன் சர்வீசுக்கு விடுகிற பட்டறைக்காரருக்குக் கேட், கிரில் வேலைக்கு நல்ல கை வேண்டியிருந்தது.

"அண்ணனுக்காக இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன்னு சொல்லிட்டார். சம்பளம் அங்க மாதிரி வராது. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வரலாம்."

சாயங்காலம் வீட்டுக்கு வரலாம்! இந்த மூன்று வார்த்தைகளை ஷோகேஸ் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எத்தனை பெண்களுக்கு இது தினப்படி சமாச்சாரம். சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்கும், கதவு தட்டப்படும், 'டீ இருக்கா' என்று ஒரு குரல் வரும். அதை ஒரு வரமாகக் கேட்டு ஏங்குகிறவளும் உலகத்தில் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியுமா?

அந்த வாரம் அவள் சுவருக்குக் கடைசி மெருகு ஏற்றினாள். கடையில் காட்சிக்கு இருந்து கீறல் விழுந்த ஒரு நிலை விளக்கைச் சொல்லி வைத்து வாங்கி, கீறலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். சுவர் முழுமையடைந்துவிட்டது. கடையின் எந்த மாதிரி அறைக்கும் அது குறைந்ததில்லை. இதைப் பார்த்த பிறகு எந்த மனுஷன் அங்கே கையெழுத்துப் போடுவான்?

ஞாயிறு மத்தியானம் அவன் படத்தோடு வந்தான். அவள் விளக்கைப் போட்டாள். இலை நிழல்களும் பொன் வெளிச்சமுமாகச் சுவர் ஜொலித்தது. அவன் வெகுநேரம் பார்த்தான்.

"ரொம்ப அழகா இருக்கும்மா."

"பிடிச்சிருக்கா?"

"குறையே இல்ல. எல்லாம் நிறைஞ்சு இருக்கு." கண்ணைத் திரையிலிருந்து எடுத்தான். "அதான்... கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"என்னங்க சொல்றீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க. அங்க நான் வந்து எங்க..." வார்த்தையைப் பாதியில் விட்டான். "ஷிஃப்ட்டுக்குக் கூப்பிடறாங்க. வைக்கறேன்."

திரை கறுத்தது. அவ்வளவு அழகான சுவருக்கு முன்னால், சாயக்கூடாத குஷன்களுக்கு நடுவில், ஒருத்தி நின்ற இடத்திலேயே மடிந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, என்னாச்சு?" என்று மகள் ஓடி வந்தாள்.

"உங்கப்பா வரலையாம்டி. இவ்வளவு செஞ்சும் வரலையாம்!"

*

மறுநாள் கடைக்குப் போகாமல் முடியாது. வீங்கிய கண்களோடு மாதிரிப் படுக்கையறையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். கட்டில் வாங்க வந்த ஒரு மனிதர், அளவு எடுக்கக் குனிவதற்காகத் தன் மேல்கோட்டைக் கழற்றி அங்கிருந்த நாற்காலியின் முதுகில் போட்டார். அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு கோட்டை மறந்து கீழே விலை கேட்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஓர் இளம் ஜோடி அந்தப் பக்கம் வந்தது. பெண் ஆசையாக உள்ளே கால் வைத்தாள். பையன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏய், வா வா. அங்க யாரோ இருக்காங்க போல."

"யாரு? ஒருத்தரும் இல்லையே?"

"கோட்டு கிடக்கு பாரு. வந்துடுவாங்க. வா."

மெதுவாக, யார் வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டவர்கள் போல, இருவரும் பின்வாங்கிப் போனார்கள்.

"இதுக்குத்தானே தலைப்பாடா அடிச்சுக்கறேன்!" என்று மேனேஜர் தூரத்திலிருந்தே கத்தினார். "அந்தக் கோட்டை எடுங்க முதல்ல!"

அவள் எடுக்கவில்லை. நாற்காலி முதுகில் கிடந்த அந்தக் கோட்டையே பார்த்தபடி நின்றாள். அட்டை டி.வி.யும் பக்கமில்லாத புத்தகங்களும் இருந்த அந்தப் பொய் அறை, ஒரே ஒரு பழைய கோட்டால் ஒரு கணம் நிஜ வீடாகிவிட்டதே! யாரோ இருக்கிறார்கள். இப்போது இல்லை. ஆனால் வந்துவிடுவார்கள்.

'அங்க நான் வந்து எங்க...' எங்கே உட்கார்வேன் என்றா? சட்டையை எங்கே மாட்டுவேன் என்றா?

"ஐயோ!" என்றாள் வாய்விட்டு. "நான் அவரைத் துடைச்சு எடுத்துட்டேனே சார்!"

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரை?" என்று கேட்டபோது அவள் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள்.

பள்ளி விடுகிற நேரம். நாத்தனாரின் வேன் பள்ளி வாசலில் நின்றிருந்தது. மூச்சிரைக்க வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டவளைப் பார்த்து நாத்தனார் பயந்துவிட்டாள்.

"என்ன அண்ணி? யாருக்கு என்ன?"

"அந்தப் பழந்துணிப் பை... உங்கண்ணன் சட்டை... அதுல வண்டி துடைச்சிட்டியா? கிழிச்சிட்டியா? சொல்லுடி!"

நாத்தனார் கதவைத் திறந்தாள். இறங்கினாள். டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் மேலே, பிளாஸ்டிக் உறை போட்டு மடித்து வைத்திருந்தது நீலச் சட்டை.

"எங்க அண்ணன் சட்டையில நான் வண்டி துடைப்பேனா?" என்றாள். ஹாரன் உடைந்துபோயிருந்தது. "அன்னைக்கே பட்டுனு கேட்டிருப்பேன். ஆனா நீங்க சந்தோஷமா சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருந்தீங்க. உங்களுக்கும்தான் வேற என்ன சந்தோஷம் இருக்குன்னு விட்டுட்டேன்."

பிள்ளைகள் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க, இரண்டு பெண்களும் நடுத்தெருவில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"ஆன்ட்டி, வண்டியை எடுங்க, பசிக்குது" என்றது ஒரு குரல்.

"எடுக்கறேன்டா! மனுஷன் அழக்கூடாதா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதட்டினாள் நாத்தனார்.

வீட்டில் சுத்தியல் இல்லை. அவன் இருந்தால்தானே சுத்தியல் இருக்கும். கனமான வாசல் பூட்டைக் கையில் எடுத்தாள். வெண்ணெய் நிறச் சுவரின் நடு நெஞ்சில், தடவித் தடவிப் பழைய இடத்தைத் தேடி, ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள். பெயின்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! உன் சுவரு!"

"போகட்டும்டி. உங்கப்பா சட்டையை எடு."

சட்டை ஏறியது. தண்ணீர் கேனை இறக்கிவிட்டு முக்காலியை இழுத்து வந்தாள். அதன் நெற்றியில் கேன் வட்டமாகத் தழும்பு போட்டிருந்தது. முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. ஓவியம் மாதிரி நின்ற துணிச்சட்டத்தை இறக்கிவிட்டுத் தங்க நிறப் பிளாஸ்டிக்குக்குள் சிரிக்கிற இரண்டு சிறுசுகளை மாட்டினாள். எதுவும் எதனோடும் சேரவில்லை. பிரம்புக்கூடை விளக்கு மட்டும் பேதம் பார்க்காமல் எல்லாவற்றின்மேலும் இலை நிழலைத் தூவியது.

ஞாயிறு வரை பொறுக்க முடியுமா? அன்று மாலையே கூப்பிட்டாள். அவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். நெற்றியில் முகமூடியின் அழுத்தம் கோடாக இருந்தது.

"என்னம்மா, திங்கக்கிழமையில? குட்டிக்கு..." என்று பதறியவன் நிறுத்தினான்.

பார்த்துவிட்டான்.

அவன் முகம் அசையவில்லை. சிக்னல்தான் போய்விட்டதோ என்று அவள் பயந்தாள். பிறகு அவன் மோவாய் நடுங்குவது தெரிந்தது.

"முக்காலி எங்கம்மா இருந்துச்சு?"

"பின்னாடிங்க. மேல தண்ணி கேன் உட்கார்ந்திருந்துச்சு."

"எனக்குப் பதிலா தண்ணி கேனா?" என்று சிரிக்கப் பார்த்தான். வந்தது சிரிப்பில்லை. "இங்க என் கட்டில் தலைமாட்டுல நம்ம பழைய வீட்டுப் போட்டோ ஒட்டி வெச்சிருக்கேன். நீ வாராவாரம் காட்டினதையும் அதையும் வெச்சுப் பார்த்துட்டே இருப்பேன். பேப்பர்ல ஆறு வித்தியாசம் போடுவாங்களே, அந்த மாதிரி. முதல்ல சட்டை இல்ல. அப்புறம் முக்காலி இல்ல. அப்புறம் நானே இல்ல. சரி, அவளுக்குப் பழகிப்போச்சு போலன்னு..."

"ஐயோ, இல்லீங்க! நீங்க ஓடணும்னு சொன்னீங்களே, இந்த வீட்டைப் பார்த்தா ஓடணும் போல இருக்குன்னு! நீங்க ஓடக்கூடாதுன்னுதான் இதெல்லாம்..."

"நானா சொன்னேன்? எப்ப?"

"மழையில. அந்த ஈரச் சுவத்தைப் பார்த்து."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அது... உங்களுக்கு நல்ல வீடு தர முடியலையேன்னு சொன்னதும்மா."

அவளுக்கு வெறி வந்தது போலிருந்தது. "நல்ல வீடா? இந்தாங்க, பாருங்க நல்ல வீட்டை!" என்று போனைச் சர்க்கரை டப்பாவிலிருந்து பிடுங்கி, மறுபக்கம் திருப்பினாள். உதிர்கிற சுண்ணாம்பு, கொடியில் துணி, சுருட்டிய பாய், கவிழ்த்த பக்கெட், அலங்காரத்துக்காக இந்தப் பக்கம் தள்ளப்பட்ட அத்தனை தட்டுமுட்டும். "ஒரு சுவரை மட்டும்தாங்க மாத்தினேன்! மத்ததெல்லாம் நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே கிடக்கு. நானும்!"

படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. ஓடிப்போய் மறுபடி டப்பாவில் சாய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் முகம் சேர்ந்து வந்தது. நனைந்திருந்தது.

"ஈரச் சுவரு வரைக்கும் பார்த்தேன்" என்றான். "அங்கதான் நின்னுச்சு. நல்லா இருந்துச்சு."

"கையெழுத்து..." என்று அவள் ஆரம்பித்தாள். முடிக்கத் தைரியம் வரவில்லை.

அவன் தலை குனிந்தான்.

"காலையிலயே போட்டுட்டேன்மா."

பூட்டால் அடித்த அந்த ஆணி அவள் நெஞ்சிலேயே இறங்கியது. ஒரு நாள்! ஒரே ஒரு நாள் முன்னால் அந்தக் கோட்டை யாராவது மறந்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா? ஆனால் அழுகை வரவில்லை. அழுதால் அவன் உடைந்துபோவான் என்று தெரிந்தது. பட்டறைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இரண்டு வருஷத்தில் மகள் அம்மாவையும் தாண்டி வளர்ந்துவிடுவாள். சாயங்காலச் செருப்புச் சத்தம் இன்னும் கொஞ்ச காலம் மற்ற வீட்டு வாசல்களில்தான் கேட்கும்.

"சரிங்க" என்றாள். "முடிச்சிட்டு வாங்க. ஆணி இருக்கும்."

"மறுபடி பிடுங்கிட மாட்டியே?"

"இதுக்கு மேல பிடுங்கினா சுவரே வந்துடும்."

இப்போது இருவருக்குமே சிரிப்பு வந்தது.

"போனை வெச்சிடாதே" என்றான் அவன். "அப்படியே இருக்கட்டும். நீ உன் வேலையைப் பாரு. நான் ஒண்ணும் பேசல. சும்மா பார்த்துட்டு இருக்கேன்."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். நாத்தனார் வந்தாள், குஷன்மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், யாரும் தடுக்கவில்லை. கொடியிலிருந்து துணியை எடுத்து வந்த மகள், பழக்க தோஷத்தில் அந்த மூட்டையைத் தொப்பென்று முக்காலிமேல் போட்டாள்.

"ஏய்! யாரது என் இடத்துல?"

சர்க்கரை டப்பாவிலிருந்து வந்த குரலில் மூன்று பேரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள். "ஸாரிப்பா!" என்று மகள் மூட்டையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஷோகேஸ் மட்டும் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு தம்ளர் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, மூன்று பேருக்கு வைத்த டீயை நாலு பேருக்காக்கினாள்.